லயனல் ஹெட்டிகேயின் இறுகிய எஞ்சின்

பிரித்துப் பூட்டுகிற கார் எஞ்சினின் கிராங் தண்டைத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் லயனல் ஹெட்டிகே கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, கால்வாசி திருப்புவார். பிறகு கண்ணைத் திறந்து எஞ்சினை முறைப்பார். "ஏன் இவ்வளவு கோபம் உனக்கு? நான் என்ன செய்தன்?" எஞ்சினோடு அவர் பேசுவது கம்பளையில் அந்த ஒழுங்கை முழுக்கத் தெரிந்த விஷயம். மனைவியோடு அவ்வளவு பேசமாட்டார்.

தபால் கந்தோரில் முத்திரை விற்கிற மனிதர். வேலை முடிந்து வந்து சாரத்தை மடித்துக் கட்டினால் வீட்டு முன்பக்கக் கார்க்கொட்டகையை விட்டு நகரமாட்டார். தேநீரைக்கூட நின்றபடி, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அங்கேயே குடிப்பார். போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட மனைவி சுமனாவின் நல்ல கறிச்சட்டியைக் கேட்காமலே எடுத்துவிட்டார். அவள் சட்டியைப் பற்றி விசாரித்தால் அவருக்குக் காது மந்தமாகிவிடும்.

அடுத்த வியாழக்கிழமை மகள் நில்மினிக்குக் கல்யாணம். மண்டபத்துக்குத் தன் பழைய மொரிஸ் மைனர் காரில்தான் அவள் போய் இறங்குவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் நீளமான வெள்ளைக் கார் ஒன்று பிடிக்கத் தயார். நில்மினியோ இரண்டுக்கும் வாய் திறக்கவில்லை. கிழட்டுக் காரில் வர மகள் வெட்கப்படுகிறாளோ என்று அவருக்கு ஒரு பயம். கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஞாயிறு காலை பக்கத்து வீட்டு பந்துசேன வந்து குந்தினான். பஸ் ஓட்டுகிறவன்.

"அண்ணே, கொஞ்சம் எண்ணெய விட்டு மூடுங்க. ஓட ஓடத் தானா இளகும்."

"நடுவழியில இறுகிப் பிடிச்சா? உள்ள இருக்கப்போறது என்ட பிள்ளையடா."

"சுபநேரம் இவர்ட எஞ்சினுக்காகக் காத்திருக்காது எண்டு சொல்லு, பந்து," என்று குசினியிலிருந்து சுமனாவின் குரல் வந்தது.

பிஸ்டன்களை இன்னும் மாட்டவில்லை. கிராங் மட்டும் மூன்று பேரிங்குகளில் படுத்திருந்தது. இந்த நிலையில் அது ஒரு விரலுக்கே சுழல வேண்டும். லயனல் முன்பக்க பேரிங்கின் மூடியைத் தளர்த்தித் திருப்பினார், அதே பிடிவாதம். அதை மறுபடி இறுக்கிவிட்டுப் பின்பக்கத்தைத் தளர்த்தினார், அங்கேயும் அதே கதை. அதையும் இறுக்கிவிட்டு நடு மூடியைத் தளர்த்தியதும் கிராங் வழுக்கிக்கொண்டு சுழன்றது. மூடியைக் கழற்றி, அதற்குள் இருந்த பேரிங் தகட்டை நெம்பி எடுத்தார். தகட்டின் முதுகில், எண்ணெயில் ஊறி நசுங்கிய நூல் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

லயனல் மெதுவாகத் தன் மணிக்கட்டைப் பார்த்தார். கல்யாணம் நல்லபடி நடக்கவேண்டுமென்று பிக்குமாரை வீட்டுக்கு அழைத்து, விடிய விடியப் பிரித் என்ற காவல் பாடலை ஓதுவித்து, எல்லோர் கையிலும் கட்டிய நூல். கல்யாணம் முடியும்வரை கழற்றக்கூடாது என்பது சுமனாவின் கட்டளை. அது நைந்து, முடிச்சருகே பிசிர் பிசிராகத் தொங்கியது.

பந்துசேன விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கட வீடுகள்ல பிரித் நூல் பேயைத்தான் கட்டும். உங்கட வீட்டில எஞ்சினையே கட்டிப் போட்டிருக்கு."

எட்டிப் பார்த்த சுமனா சிரிக்கவில்லை. "நான் கட்டச் சொன்னதாலதானே?"

"உன்ட நூலில பிழையில்ல. துடைக்காம மூடினது நான்," என்றார் லயனல். அவள் முகம் வாடியதை அவரால் தாங்க முடியவில்லை. "ஒரு துணி எடுத்து இதுக்கு மேல சுத்திவிடு. நூல் கையிலயே இருக்கட்டும்."

அவள் சுற்றிவிட்டாள். அவர் தகட்டைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்து மாட்டி, மூடிகளை இறுக்கினார். அப்போது நில்மினி காதில் தொலைபேசியோடு வெளியே வந்தாள். மறுபக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா. வெள்ளைக் காருக்கு இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"ஒரு நிமிசம் ஆன்ட்டி." அவள் குனிந்து கிராங்கில் ஒரு விரலை வைத்துத் தள்ளினாள். அது சத்தமில்லாமல் சுழன்றது. இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தாள்.

"வேணாம் ஆன்ட்டி. நான் அப்பாவோட காரிலயே வாறன்."

லயனல் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"முந்தியே சொல்லியிருப்பன், அப்பா. பிறகு இது ஓடாமப் போனா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க எண்டுதான் பேசாம இருந்தன்," என்று சொன்ன நில்மினி, எண்ணெய் படிந்த விரலை அவருடைய பனியன் தோளில் அழுத்தித் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.