கூட்டிச் சொன்ன காத்து

ஊர்ல எல்லாரும் என் அண்ணனை நல்ல மனுஷன்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும். அவங்க பிள்ளைங்க எல்லாம் வீட்டுல இருக்கு.

அண்ணனுக்குத் துறைமுகத்து ரேடியோ ரூம்ல வேலை. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஆழ்கடல்ல இருக்கிற படகுங்களுக்கு வானிலை வாசிக்கணும். காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது, என்ன வேகம், அலை எத்தனை மீட்டர், எங்க தாழ்வு மண்டலம் உருவாகுது, எங்க இடி மழையோட சூறை அடிக்கும், எல்லாம் வரும் அதுல. ஆனா அந்தக் காத்தை அவர் பார்த்ததே கிடையாது. ரூம்ல ஏ.சி. ஓடும், ஜன்னலைத் திறக்கவே மாட்டாங்க. படகுல ஏத்திவிட்டா கரை கண்ணுல இருக்கிறப்பவே வாந்தி எடுக்கிற ஆள். இருந்தாலும் ஊர்ல அவருக்குப் பேரு காத்துக்காரர்.

குரல் அப்படி. அந்தக் குரலுக்காக சில்லுன்னு எதையும் வாயில வைக்க மாட்டார். அண்ணி வெங்காயம் வதக்கினா, புகை ஆகாதுன்னு மூக்கைப் பொத்திகிட்டு வாசலுக்குப் போயிடுவார். "எழுதிக் குடுத்ததைப் படிக்கிறதுக்கு இவ்வளவு பவுசா அண்ணா?"ன்னு கேப்பேன். "கடல்ல இருக்கிறவனுக்கு என் குரல்தான் தைரியம், உனக்கு என்ன தெரியும்"னு சொல்லுவார். தலைக்கனம். ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும், காகிதத்துல இருக்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை படிக்க மாட்டார், ஒரு வார்த்தை விடவும் மாட்டார். மைக் முன்னாடி இருமினது கூட இல்லையாம். அதுல அவருக்கு அவ்வளவு பெருமை.

அந்தக் காகிதத்தை எழுதறவர் மாடியில இருந்த வானிலை அதிகாரி, ஒரு வழுக்கைத்தலை. ரொம்ப காலத்துக்கு முன்னாடி அவர் காத்து லேசா இருக்கும்னு எழுதப்போய், அன்னிக்குன்னு ஒரு படகு கவிழ்ந்து, விசாரணைன்னு மனுஷனை அலைய விட்டுட்டாங்க. அதுலேர்ந்து அவர் உஷார். கணக்குல காத்து வேகம் இருபது வந்தா முப்பதுன்னு எழுதுவார். முப்பது வந்தா நாற்பது. கூட்டிச் சொல்லி எவனும் செத்ததில்லைங்கிறது அவர் நியாயம்.

கடல்ல இருக்கிறவங்க காதுல பூவா வச்சிருக்காங்க? நாற்பதுன்னு ரேடியோ அலறும், அவங்க நின்ன இடத்துல அவ்வளவு இருக்காது. "ஆபீஸ் காத்து வேற, கடல் காத்து வேற"ன்னு சிரிச்சுக்குவாங்க. ஆனா எவ்வளவு கூட்டுறாங்கன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. ஒருத்தர் அஞ்சுன்னுவார், ஒருத்தர் பாதிக்குப் பாதின்னுவார். அந்தச் சந்தேகம்தான் அவங்களைக் காப்பாத்திகிட்டு இருந்துச்சு. சந்தேகம் வந்தா கரைக்குத் திரும்பிடுவாங்க.

எங்க வீட்டுக்கு மட்டும் சரியாத் தெரியும்.

என் பையன் ஆழ்கடல்ல தூண்டில் போடற படகுல இன்ஜின் பார்க்கிறவன். மைல் கணக்குல கயிறு விட்டு, அது பூரா தூண்டில் தொங்கவிட்டு, கரைக்கு வர வாரக்கணக்காகிற படகு. முதல் தடவை அவன் கிளம்புறதுக்கு முன்னாடி மாமனும் மருமகனும் என் சமையல்கட்டுல உக்காந்து சாப்பிட்டாங்க. அப்பதான் அண்ணன் ஆரம்பிச்சார்.

"டேய், மாமா ஒண்ணு சொல்றேன், வெளிய மூச்சு விடாத. நான் என்ன வேகம் படிக்கிறேனோ, அதுல பத்தைக் குறைச்சுக்கோ. அதான் நிஜக் காத்து."

"நிச்சயமா பத்துதானா மாமா?"

"தினம் அந்த ரூம்ல உக்காந்திருக்கிறவன் சொல்றேன். என்கிட்டயே கேக்கிற பாரு."

என்னமோ சொத்தை எழுதி வைக்கிற மாதிரி சொன்னார். நானும் மனசு குளிர்ந்து இன்னொரு முட்டையைப் பொரிச்சு அவர் தட்டுல போட்டேன்.

பையன் வெளிய மூச்சு விடலை. படகை ஓட்டுற தலைவர்கிட்ட மட்டும் சொன்னான். அதுக்கப்புறம் மத்த படகெல்லாம் பயந்து திரும்புற நாள்ல இவங்க படகு மட்டும் நிக்கும், நிறைய மீனோட வரும். ராசியான படகுன்னு பேரு வாங்கிடுச்சு. ராசியாம்!

அப்புறம் வழுக்கைத்தலை ஓய்வுல போயிட்டார். அவர் இடத்துக்கு ஒரு மேடம் வந்தாங்க. சின்ன வயசு, கறாரான பொம்பளை. வந்த அன்னிக்கே பழைய கணக்கைப் பார்த்துட்டு, "இந்தக் கூட்டுற வேலை எல்லாம் இனிமே கிடையாது, வர்றது அப்படியே போகணும்"னு சொல்லிட்டாங்க. அவங்களை நான் குத்தம் சொல்லவே மாட்டேன். கேக்கிறப்போ அது நல்ல காரியம்தானே. அதுக்கு மறுநாள் வந்த காகிதத்துலதான் நாற்பதுன்னு இருந்துச்சு.

அன்னிக்குக் கடல்ல இருந்த என் பையன் படகுலேர்ந்து திரும்பி வந்தது சமையல்காரர் ஒருத்தர்தான். ஐஸ் பெட்டி மூடியைக் கட்டிப் பிடிச்சுகிட்டு மிதந்தவரை ஒரு சரக்குக் கப்பல் தூக்கியிருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா என் வீட்டுக்குத்தான் வந்தார். உதடெல்லாம் வெடிச்சுப் போயிருந்துச்சு. நான் கேக்காமலே சொன்னார்.

"அன்னிக்குக் காலையில காத்தே இல்லம்மா. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி கிடந்துச்சு. ஆனா தெக்கேயிருந்து அலை மட்டும் நீளநீளமா, சாவகாசமா வந்துகிட்டே இருந்துச்சு. எங்கயோ தூரத்துல பெருசா ஏதோ கிளம்பியிருக்குன்னு தலைவர் தெக்கேயே பார்த்துகிட்டு இருந்தார். அப்ப ரேடியோவுல உங்க அண்ணன் நாற்பதுன்னு படிச்சார். கயித்தை அறுத்துப் போட்டுட்டுத் திரும்பிடலாமான்னு தலைவர் கேட்டார். உங்க பையன்தான், 'பத்தைக் குறைங்க, முப்பதுதான், எங்க மாமா வாயால சொன்னது'ன்னான். முப்பது எங்களுக்குப் பழகின காத்து. நின்னுட்டோம்."

மத்த படகெல்லாம் அன்னிக்கும் பயந்து பயந்து திரும்பியிருக்கு. சரியாத் தெரிஞ்சவங்க மட்டும்தான் நின்னிருக்காங்க.

"மத்தியானத்துக்கு மேல மேற்கேயிருந்து காத்து இறங்குச்சு. தெக்கு அலையும் மேற்கு அலையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி. சாயங்காலம் மறுபடியும் உங்க அண்ணன் குரல் வந்துச்சு. அப்பவும் அதே நாற்பது. உங்க பையன் கண்ணாடி வழியா வெளிய பார்த்துட்டு, 'மாமா இன்னிக்குக் கூட்டாமப் படிக்கிறாரு'ன்னான். தண்ணி ஏறுதுன்னு இன்ஜினைப் பார்க்கக் கீழ இறங்கிட்டான்."

சமையல்காரர் வந்துட்டுப் போன அன்னிக்கு சாயங்காலமே அண்ணன் வந்தார். உள்ள வரலை, கதவுகிட்டயே நின்னார். சமையல்காரர் சொன்னது அத்தனையும் வரி விடாம நான் அவருக்குச் சொன்னேன். கேட்டுட்டு, கையைப் பிசைஞ்சுகிட்டே சொன்னார். மைக் பட்டனை அழுத்தறப்போ பையன் ஞாபகம் வந்துச்சாம். 'இது கூட்டாதது'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துடலாம்னு நினைச்சாராம்.

"ஏன் சொல்லலை?"

"பக்கத்துல மேடம் உக்காந்திருந்தாங்க. அப்படிச் சொன்னா, இத்தனை வருஷம் கூட்டித்தான் படிச்சோம்னு ஊருக்கே தெரிஞ்சிடும். காகிதத்துல இல்லாததை நான் எப்படிம்மா படிக்கிறது?"

நான் அழலை, கத்தலை. டீ போட்டுக் குடுத்தேன். அவர் டம்ளரை வாய்கிட்ட கொண்டு போறப்போ கேட்டேன்.

"நாளைக்குக் காத்து எவ்வளவு?"

முழிச்சார். "பதினெட்டு"ன்னார்.

"கூட்டியா, கூட்டாமலா?"

டம்ளரைக் கீழ வச்சார். "கூட்டாம"ன்னு சொன்னார். அதுக்கப்புறம்தான் குடிக்க விட்டேன்.

அதுலேர்ந்து தினம் வர்றார், தினம் கேக்கிறேன். நான் கூப்பிடறது கிடையாது. வராம இருக்க அவரால முடியலை, கேக்காம இருக்க என்னால முடியலை. அண்ணி ஒரு நாள் வந்து என் கையைப் பிடிச்சு, "ராத்திரியெல்லாம் தூங்காம நம்பரா உளர்றார், அவரை விட்டுடும்மா"ன்னு கெஞ்சினாங்க. "அவர் தூங்கலைன்னா நான் என்ன அண்ணி பண்றது, என் பையனும்தான் எங்க தூங்கறான்னு தெரியலை"ன்னேன். அண்ணி அதுக்கப்புறம் என் வீட்டுப் பக்கமே வர்றதில்லை.

இப்ப அண்ணனும் ஓய்வுல வந்துட்டார். ரேடியோவுல மெஷினே படிக்குது. அந்தக் குரலும் போச்சு, பேசினா கரகரன்னு இருக்கு. ஆனாலும் என் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி பழைய ஆபீஸுக்குப் போன் பண்ணி நம்பரைக் கேட்டுகிட்டுத்தான் வர்றார். எனக்குப் பதில் சொல்லணுமே.

நேத்து, "இருபத்திரண்டு, கூட்டாம"ன்னு நான் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டு நாற்காலியில உக்காந்தார். கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு.

"என்னிக்கும்மா என்னை விடுவ?"

"அவன் வரட்டும் அண்ணா, விட்டுடறேன்."

தலையை ஆட்டினார். டீ ஆறுதுன்னு சொன்னேன், எடுத்துக் குடிச்சார்.