மிதப்புக் கட்டாத பார்

அளம்பில் கரையில் துசியந்தனைவிட நன்றாகச் சுழியோடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவனைவிடக் கெட்ட வாய் உள்ளவன் இல்லை. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலட்டை பொறுக்குவது அவன் தொழில். கடலுக்கடியில் கல்லும் பவளமும் மண்டிய இடத்தைப் பார் என்பார்கள். நல்ல பார் ஒன்று அகப்பட்டால் பெண்சாதிக்கும் சொல்லமாட்டார்கள். ஆளை இறக்கிவிட்டுப் படகு தூரப் போய்த் தூண்டில் போட்டு நடிக்கும்.

அன்று படகில் மச்சான் தோமஸ்.

"மிதப்பைக் கட்டிக்கொண்டு இறங்கன்ரா. கீழ ஆள் நிக்குதெண்டு தெரியவேணும்."

"விசரே உனக்கு? நாளைக்கு ஊர் முழுக்க இஞ்சதான் நிக்கும். நீ தள்ளிப் போய்த் தூண்டிலைப் போடு. உன்ர மூஞ்சைக்கு ஒரு மீனும் வராது, பயப்பிடாத."

கீழே கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம். பொந்திலிருந்து விலாங்குபோல் நீண்ட ஒரு அஞ்சாலை மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. துசியந்தன் ஒரு கல்லின் மறைவில் குனிந்து அட்டை ஒன்றைப் பையில் போட்டான்.

அப்போது கடல் அவனை அறைந்தது.

பாரின் மறுபக்கத்தில் யாரோ மீனுக்கு வெடி போட்டிருந்தார்கள். இடக் காதில் பழுக்கக் காய்ச்சிய ஆணி இறங்கியது. காற்றுக்குழாய் அறுந்து, சிலிண்டர் காற்றைக் கக்கியது. சரிந்த கல் ஒன்று காலை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. வயிறு பிளந்த கிளிமீன்கள் மழைபோல் இறங்கின. அஞ்சாலை தன் வாலையே கடித்துச் சுருண்டது.

செத்த மீன் பொறுக்க ஒருவன் சிலிண்டரோடு இறங்கி வந்தான். அதே கரையைச் சேர்ந்த செபமாலை. துசியந்தனைக் கண்டதும் திரும்பினான். கண்ட சாட்சி மேலே வந்தால் வெடி போட்டவன் மறியலில் கம்பி எண்ண வேண்டியதுதான்.

துசியந்தன் அவன் காலைப் பிடித்து இழுத்தான். செபமாலை மற்றக் காலால் முகத்தில் உதைத்தான். மூக்கு உடைந்து இரத்தம் புகையாக எழுந்தது. துசியந்தன் விடவில்லை. இடுப்புக் கத்தியை உருவி அவன் வயிற்றில் வைத்து, வாயிலிருந்த குழாயைப் பிடுங்கித் தன் வாயில் வைத்தான். தனக்கு ஒரு மூச்சு, செபமாலைக்கு ஒரு மூச்சு. கத்தி தோலுக்குள் கொஞ்சம் இறங்கிய பிறகே செபமாலை கல்லைப் புரட்டினான். ஒரே குழாயை மாறி மாறிக் கடித்தபடி இருவரும் மேலே வந்தார்கள்.

"மிதப்பு எங்கயடா நாயே?" செபமாலை இருமினான். "கீழ ஆள் நிக்குதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

துசியந்தன் கத்திப்பிடியால் அவன் வாயில் குத்தினான். பல் உடைந்தது. தோமஸ் வந்து பிரிக்கும்வரை குத்தினான்.

இப்போது துசியந்தன் சிவப்பு மிதப்புக் கட்டித்தான் இறங்குகிறான். பாரைப் பங்குபோட ஊர்ப் படகுகள் வந்து நிற்கின்றன.

"ஊருக்கு வடிவாப் பந்தி வைச்சிருக்கிறாய்," என்று தோமஸ் புறுபுறுப்பான். இடக் காதுப் பக்கம் நின்று சொல்வதால் அது அவனுக்குக் கேட்காது.

செபமாலையின் படகு தெரிந்தால் மட்டும் அவன் இறங்குவதில்லை. அது போகும்வரை படகு விளிம்பில் இருக்கிறான், கத்தி கையில்.