கழுவிய திரை

அஹமட்டுக்குக் கைகள் சும்மா இருந்தால் உடம்பே கனத்துப்போகும். பகலெல்லாம் புளியந்தீவில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பார். மாலையில் காத்தான்குடியில் மனைவி ஹஸீனாவின் வீட்டுக்கு வந்ததும் எதையாவது கழற்றவோ பூட்டவோ தொடங்குவார். அவர் திறந்துபார்த்த கடிகாரங்கள் இரண்டொன்று இன்னும் பெட்டிக்குள் வாய் பிளந்து கிடந்தன.

யுத்தத்துக்கு முந்திய வருடம் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போனவர், விளம்பரப் பலகை செய்யும் ஒருவரிடம் ஒரு விந்தையைக் கண்டார். மரச்சட்டத்தில் மெல்லிய பட்டு இறுக்கப்பட்டிருந்தது. பட்டின் அடியில் பூ வெட்டிய காகிதம், மேலே வர்ணம். ரப்பர் துண்டால் வர்ணத்தை இழுத்தால், காகிதம் வெட்டுண்ட இடத்தால் மட்டும் அது இறங்கிப் பதிந்தது. ரயிலில் திரும்பிய வழி முழுவதும் அஹமட்டின் வலக்கை மடியின் மேல் எதையோ இழுத்துக்கொண்டே வந்தது.

பட்டுக்கு எங்கே போவது? தம் கலியாணத்துக்குக் கட்டிய பட்டுத் தலைப்பாகையை எடுத்து ஒரு மரச்சட்டத்தில் அறைந்தார். சைக்கிள் டயரின் துண்டு ரப்பராயிற்று. தறியில் இருந்த மாமனார் கச்சி முகம்மது எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை தலையில இரிக்க வேண்டியத ஆணி அடிச்சிப் போட்டார். இனித் தலையையும் கழற்றிப் பார்ப்பாராக்கும்."

"பாத்தாத்தானே வாப்பா உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு தெரியும்" என்றாள் ஹஸீனா.

உடுத்துப் பழசான சாரங்களின் துண்டுகளில் பூக்கள் விழத் தொடங்கின. துவைத்தும் அவை போகவில்லை. அந்தத் துணிச்சலில், கொழுந்தி றஸீனாவின் கலியாணப் பேச்சுக்கு ஏறாவூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் அஹமட் வாய் விட்டுவிட்டார்: "மணவறைத் திரையக் கடையில வாங்க வேணாம். மாமா நெய்யட்டும், நான் பூப்போட்டுத் தாறன்."

கச்சி முகம்மது நெய்து கொடுத்தார். அஹமட் அச்சடித்தார். வெள்ளைத் திரையில் சிவப்புப் பூக்கள் வரிசை பிசகாமல் நின்றன. அயலவர் வந்து பார்த்துப் போனார்கள். கலியாணத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது.

அதே துணியில் மிஞ்சிய ஒரு துண்டிலும் அவர் பூ அடித்துப் பார்த்திருந்தார். ஹஸீனா அதைக் கிணற்றடியில் அலசிவிட்டு அவர் முன்னே நீட்டினாள். பூ தோல் உரிந்து அவள் விரலில் ஒட்டியிருந்தது.

அஹமட்டுக்குக் காரணம் விளங்க நேரமாகவில்லை. சாரங்கள் பலமுறை துவைத்தவை. இதுவோ தறியிலிருந்து இறங்கிய சீலை. நெய்யுமுன் பாவு நூலுக்குப் பூசிய கஞ்சி அதில் அப்படியே இருந்தது. வர்ணம் நூலில் ஏறாமல் கஞ்சியின் மேல் படிந்திருந்தது.

"கலியாணத்தில யார் திரையத் தோய்க்கப் போறாங்க?" என்றாள் ஹஸீனா. "முடிஞ்சாப் பிறகு பாத்துக்கலாம்."

அந்தப் பேச்சே அவரை உறுத்தியது. உண்டார், பாதியில் எழுந்தார். வாவிக் கரை வரை நடந்தார். தோணிக்காரர் கூப்பிட்டது காதில் விழாமலே திரும்பினார். புது மணமகள் முதல்முறை திரையைத் துவைக்கும்போது பூவெல்லாம் வாளிக்குள் மிதக்கும். சொன்ன வாயும் கூடவே மிதக்கும்.

மாமனாரிடம் போய், "கழுவித்தான் அடிக்கணும் மாமா" என்றார்.

கச்சி முகம்மது தறியை நிறுத்தினார். கஞ்சி மணம் இல்லாத சீலையை அந்த ஊரில் எவரும் புதியதென்று ஏற்பதில்லை. "கஞ்சி போன சீலையப் புது மாப்பிள்ளைக்குத் தொங்கவிடுறதா, மருமகன்? உடுத்த துணியெண்டு நினைப்பாங்க."

"அடிச்சி, நல்லாக் காயவெச்சிட்டு, பின்பக்கத்தால நீங்க பாவுக்குப் பூசுற கஞ்சியையே பூசுவம்."

"அப்ப அது புதுசா, பழசா?"

"கழுவின புதுசு."

மாமனார் தாடியைத் தடவினார். "மாப்பிள்ளைட உம்மாக்கிட்ட அத நீங்களே சொல்லுங்க. நான் வாய் திறக்க மாட்டன்."

அஹமட் திரையை ஊறவைத்துத் தேய்த்தார், பூக்கள் உரிந்தன. மறுபடி அடித்தார், வெயில் மாறும் தோறும் கொடியை மாற்றிக் கட்டினார். கலியாணத்துக்கு முந்திய நாள் கஞ்சி பூசியபோதும் அச்சடித்த சிவப்பு அவர் விரல்களை விட்டுப் போகவில்லை. சோறு அள்ளும்போதுகூட அந்தச் சிவப்பையே பார்த்தார்.

கலியாணத்தன்று மாப்பிள்ளையின் தாய் ஆயிஷா உம்மா மணவறை வாசலில் நின்று திரையின் ஓரத்தை மூக்கருகே கொண்டுபோனார். கச்சி முகம்மது சட்டென்று கூரை முகட்டைப் பார்த்தார்.

"கழுவின சீலைதான் மாமி" என்றார் அஹமட். யாரும் கேட்டிருக்கவில்லை. "கழுவாட்டிப் பூ நிக்காது. கஞ்சி பிறகு போட்டது."

பெண்கள் நெருங்கி வந்தார்கள். ஆயிஷா உம்மா பெருவிரலை நாக்கில் தொட்டு ஒரு பூவின் மேல் அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். அந்தச் சிறு நேரத்தில் அஹமட் கால் மாற்றி மாற்றி நின்றார்.

விரலில் சிவப்பு ஒட்டவில்லை.

"என்ட மகள்ற ஊட்டுத் திரை ஒரு தோய்ப்பிலயே வெளுத்துப் போச்சி" என்றார் ஆயிஷா உம்மா. "அதையும் கழுவித் தாறன். இப்பிடியே போட்டுத் தருவீங்களா, மகன்?"

"தாறன் மாமி" என்றார் அஹமட். அவருடைய வலக்கை அதற்குள்ளாகவே திரையின் அகலத்தைச் சாண் சாணாக அளக்கத் தொடங்கியிருந்தது.

"இரிங்க மருமகன்," என்றார் கச்சி முகம்மது, "முதல்ல சோத்தத் திண்டுட்டு அளங்க."