ஆலங்குளம் பஸ்ஸில் வந்த சினைப்பை

உடம்பிலிருந்து வெட்டி எடுத்ததைப் பார்த்து, உடம்புக்காரர் இனி எப்படி இருப்பார் என்று சொல்கிற தொழில் எங்களுடையது. தென்காசியில் ஒரு பயாப்ஸி லேபில் நான் டெக்னீஷியன். வருகிற சதையை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு சொல்வது டாக்டரம்மா. லேப் வாசலில் உட்கார்ந்து, பேரைக் கூப்பிடும்வரை சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உள்ளே இருக்கிற எங்களுக்கும் அதே காத்திருப்புதான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சுகர் பார்க்கிற இடம் இல்லை

போர்டில் லேப் என்று இருந்தால் போதும், சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒருநாள் காலையில் ஒரு அண்ணாச்சி, ஐந்தருவியில் குளித்த ஈரத்துண்டு தோளில் கிடக்க, நேராக வந்து கையை நீட்டினார். "இங்க ரத்தம் எடுக்க மாட்டோம் அண்ணாச்சி, ஆபரேஷன்ல எடுத்த சதையைத்தான் பாப்போம்" என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"சதைன்னாலும் சரி தாயி, எடுத்துக்கிடுங்க. காப்பித்தண்ணி கூடக் குடிக்காமல்லா வந்திருக்கேன்."

மருந்து எங்கே போச்சு?

இசக்கிமுத்துவுக்கு ஆலங்குளத்தில் காய்கறிக் கடை. அவர் மனைவி மாரிச்செல்விக்கு இடது சினைப்பையில் கட்டி. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கட்டியையும் அந்தச் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் பிள்ளை இல்லை. கட்டி கெட்டது என்று நாங்கள் சொன்னால், வலது பக்கத்துச் சினைப்பையும் கர்ப்பப்பையும்கூடப் போக வேண்டி வரலாம். நல்லது என்றால் வலது பக்கம் அவளுக்கு மிஞ்சும். அப்பேர்ப்பட்ட விஷயம் ஒரு பிளாஸ்டிக் ஜாடிக்குள், மஞ்சப்பையில், இசக்கிமுத்துவின் மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தது.

ஜாடியைத் திறந்தேன், நெடியே இல்லை. சதை கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றித்தான் அனுப்புவார்கள். மூடியைத் திறந்தாலே கண்ணைக் கரிக்கும். "மருந்து எங்க?" என்றேன். பஸ்ஸில் நாற்றம் தாங்கவில்லை என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டு, கண்டக்டர் இறக்கிவிட்டுவிட்டாராம். இவர் பாவூர்சத்திரத்தில் நின்று மருந்தைக் கீழே கொட்டி, ஜாடியில் தண்ணீரை ரொப்பிக்கொண்டு அடுத்த பஸ் ஏறியிருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தண்ணீரில் ஊறினால் செல்லெல்லாம் உப்பி உடைந்து போகும், அப்புறம் எதைப் பார்த்து எதைச் சொல்ல? பிடிபிடியென்று பிடித்தேன். மனுஷன் தலையைக் குனிந்து முழுசும் கேட்டுக்கொண்டார்.

"சும்மா பைப்புத் தண்ணின்னு நெனச்சிராதிய அக்கா, கடையில வாங்குன மினரல் வாட்டர்தான் ஊத்துனேன்."

கட்டிக்குள் முடி

உடனே புது மருந்தில் போட்டோம். பாவூர்சத்திரம் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தது, இல்லையென்றால் கதை கந்தல். டாக்டரம்மா கட்டியை அறுத்தபோது உள்ளே நெய் மாதிரிக் கொழுப்பு, ஒரு கற்றை முடி, ஓரத்தில் பல் மாதிரி ஒன்று. நாங்கள் நிறையப் பார்த்ததுதான். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனில் சொன்னோம், அவர் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார். மறுநாளே மாரிச்செல்வியின் மாமியார் வந்து நின்றார். வயிற்றில் முடி என்றதும் தெருவில் செய்வினை, ராசியில்லாதவள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்களாம். மருமகள் மேல் குறை சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

டாக்டரம்மா அவரை உட்காரவைத்தார். "பொம்பளைப் பிள்ளை பொறக்கும்போதே முட்டையோடதான் பொறக்கா. ஒரு மனுஷனை உண்டாக்குத சகல சரக்கும் அந்த முட்டைக்குள்ள இருக்கு. எப்பவாவது ஒரு முட்டை அவசரப்பட்டு, தானாவே தோலு, முடி, பல்லுன்னு செய்ய ஆரம்பிச்சிரும். யாரும் வைக்கவும் இல்ல, இவ ஒண்ணும் செய்யவும் இல்ல. பெரும்பாலும் நல்ல கட்டிதான். பக்குவப்படாத சதை கலந்திருந்தாத்தான் ஆபத்து. அதைத்தான் தேடணும்." அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ எம் மருமவ மேல ஒரு குத்தமும் இல்லன்னு சீல் குத்தி எழுதிக் குடுங்க தாயி, தெருவுல ஒவ்வொருத்தி வாயையும் நான் அடைக்கணும்."

கூலிங் கம்மி

மெழுகு சில்லென்று இருந்தால்தான் மெல்லிசாகச் சீவ வரும். அன்றைக்கென்று பார்த்து எங்கள் ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது. எதிரே சர்பத் கடைக்கு ஓடினேன். "ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு ரிப்போர்ட் வேணும் அண்ணாச்சி, கொஞ்சம் ஐஸ் குடுங்க." பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சர்பத்துக்கு நின்ற கூட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, இருந்த ஐஸில் பெரிய துண்டாக உடைத்து என் பாத்திரத்தில் போட்டார். நல்லா இருக்கணும் அந்த மனுஷன். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னைக்குக் கூலிங் கம்மியாத்தான் இருக்கும், அவசரப்படுதவிய வேற கடை பாத்துக்கிடுங்க."

ஓரத்தில் இருந்தவை

ஸ்லைடு தயாரானபோது மாரிச்செல்வியே புருஷனோடு வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்தார். கடைசியில், "ஏட்டி, இங்கன வா. பாரு" என்றார். மைக்ராஸ்கோப்பில் இரண்டாவது ஆள் பார்க்கவும் கண்ணாடி உண்டு.

கட்டி நெருக்கியதில் சினைப்பை ஒரு மெல்லிய பட்டையாக ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. அந்தப் பட்டையில், மேல்பரப்புக்குக் கொஞ்சம் கீழே, முட்டைகள் கும்பல் கும்பலாக. ஒவ்வொன்றையும் சுற்றித் தட்டையான செல்கள் ஒரே வரிசையில், போர்வை போர்த்தின மாதிரி. எல்லாம் தூக்கம். கொஞ்சம் உள்ளே தள்ளி ஒன்று முழித்திருந்தது. சுற்றியிருந்த செல்கள் நிமிர்ந்து பல அடுக்காகி, முட்டையைச் சுற்றி ரோஸ் நிறத்தில் ஒரு வளையம். அதைவிட ஆழத்தில் நன்றாக வளர்ந்த முட்டைக்கூடு ஒன்று, உள்ளே நீர் கோத்து, முட்டை ஒருபக்கமாக ஒதுங்கி நின்றது. எத்தனையோ தடவை பார்த்ததுதான், அன்று கண் கலங்கிவிட்டது. "கட்டி நல்ல கட்டி. பக்குவப்படாத சதை துளிகூட இல்ல" என்றார் டாக்டரம்மா.

மாரிச்செல்வியை உள்ளே கூப்பிட்டார். "எடுத்துட்ட பக்கத்துலயே இம்புட்டு முட்டை இருக்கு. ஸ்கேன்ல வலது பக்கமும் நல்லாத்தான் தெரியுது. பிள்ளை பொறக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வழி அடைபடல." நானும் பாக்கட்டுமா என்று கேட்டாள். ஆபரேஷன் செய்த வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். எது முட்டை என்று நான் காட்டினேன். ரொம்ப நேரம் அவள் தலையை எடுக்கவில்லை.

"இம்புட்டு இருந்துச்சாக்கா எனக்குள்ள? நான் காலியான பொம்பளைன்னுல்லா நெனச்சிட்டுக் கெடந்தேன்."

அடுத்தவர்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற இந்த வேலைக்கு வந்ததிலிருந்து, எனக்கு என்ன இல்லை என்று உட்கார்ந்து யோசிக்க ஒழிவே கிடைத்ததில்லை, அதற்காகவே சம்பளம் இல்லாவிட்டாலும் வருவேன் என்பதை மட்டும் எங்கள் முதலாளி காதில் போட்டுவிடாதீர்கள்.