துடைக்கிற கை

எங்கள் தொழிற்சாலையில் அக்கா என்றால் ஒருத்திதான். சிறுநீர் வடிக்கச் செருகும் மருத்துவக் குழாய்களுக்குப் பூச்சு போடும் பிரிவு அவளுடையது. குழாயைக் கரைசலில் முக்கி, உலர்த்தி, உறையிட்டு அனுப்புவோம். காய்ந்திருக்கும்போது பூச்சு இருப்பதே தெரியாது. தண்ணீர் பட்டால் உறிஞ்சிக்கொண்டு, விரலுக்குப் பிடிபடாமல் நழுவும். அது இல்லாவிட்டால் குழாய் உள்ளே உரசிப் புண்ணாக்கும், புண்ணில் கிருமி சேரும். அக்காவுக்கோ எதையும் சும்மா விடத் தெரியாது. இயந்திரம் சரி என்று சொன்னாலும், மாதிரிக்கு ஒன்றை நனைத்துத் தானே இழுத்துப் பார்ப்பாள்.

அவளுடைய அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். முதுகில் அறுவை சிகிச்சை ஆனபின் அவருக்குச் சிறுநீர் தானாகப் பிரியவில்லை. தினமும் பலமுறை குழாய் செருகி வடித்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்தது எங்கள் குழாய்தான். அக்காவுக்கு ஒரே பெருமை. ஆனால் அவருக்கு வலி, ரத்தம், காய்ச்சல். இப்படியே போனால் நிரந்தரமாகக் குழாயும், சிறுநீர் சேரும் பையும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையோடு வாடிக்கையாளர் முன்னால் நிற்க மாட்டேன், கடையை மூடுகிறேன் என்றார் அண்ணன்.

“குழாய் நல்லா இருக்கு. அப்புறம் எங்கதான் கோளாறு?” என்று அக்கா என்னைக் குடைந்து எடுத்தாள். எனக்கும் ஆர்வம் தாங்கவில்லை. விடுமுறையன்று அவளோடு நானும் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

“அண்ணே, எப்படிப் பண்றேன்னு காட்டு.”

“தங்கச்சிகிட்ட காட்டற விஷயமா இது?”

“உள்ள நடக்கறதை யாரு கேட்டா? பாத்ரூம் கதவு வரைக்கும் காட்டு, போதும்.”

அவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். உறைக்குள் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தார். எல்லாம் சரி. குழாயை வெளியே எடுத்ததும் முகம் சுளித்தார். மெல்லிய துணி ஒன்றை எடுத்து, நுனியிலிருந்து அடிவரை அழுத்தித் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கடையில் கண்ணாடியை நீட்டும் முன் செய்வதும் இதேதான்.

“அய்யய்யோ, என்னண்ணே பண்றே?”

“கொழகொழன்னு ஏதோ ஒட்டியிருக்கு. இதோடவா உள்ள விடறது? துணி கொதிக்க வச்சதுதாம்மா.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “அந்தக் கொழகொழதான்ணே என்னோட வேலையே!”

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. பட்ட வலி அவருக்குத்தானே தெரியும். வேறொரு குழாயை நனைத்து, துடைக்காமல், அரைமனதோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அக்கா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்தவர் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“போனதே தெரியலம்மா. வலிக்கும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். கடிச்சதுதான் மிச்சம்.”

“உரசவே இல்லையா? எடுக்கும்போது? ரத்தம்?”

“ஒண்ணும் இல்லம்மா” என்றவர், சட்டையை மாட்டிக்கொண்டு கடைச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவள் கையால் எத்தனையோ ஆயிரம் குழாய்கள் போயிருக்கின்றன. வலிக்கவில்லை என்று ஒருவர் வந்து சொல்லி அவள் கேட்டது அன்றுதான்.