பொம்மை லாரிகள்

எங்கள் ஆபீஸ் எண்ணூர் நெடுஞ்சாலையில் மூன்று மாடிக் கட்டடம்; படிக்கட்டு வெளிப்பக்கம், ரோட்டைப் பார்த்து இருக்கும். கப்பலுக்குப் போகும் சரக்குக்குப் பில் போடுகிற வேலை எனக்கு. கீழே ரோட்டில் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசையாக நிற்கும். ஒரு பகல், ஒரு ராத்திரி, சில சமயம் இன்னொரு பகலும் நிற்கும். திருவொற்றியூரிலிருந்து பஸ் பிடித்து அந்த வரிசையை உரசிக்கொண்டுதான் தினமும் வேலைக்கு வரவேண்டும். புடவையில் கரித்தூள், காதோரத்தில் கரித்தூள். நாற்காலியில் உட்காரும்போதே அன்றைய பொழுது முடிந்துபோன மாதிரி உடம்பு ஓய்ந்துவிடும்.

என் வீட்டுக்காரரும் டிரெய்லர் ஓட்டுகிறவர்தான். இந்த வரிசையில் நிற்பார், இல்லாவிட்டால் இதே மாதிரி இன்னொன்றில். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவரோடு வாழ்ந்ததைவிட அவருக்காகக் காத்திருந்ததுதான் அதிகம். இதைச் சொன்னால், “நானும்தாமே வெயிட் பண்றேன், ஹார்பர் கேட்டாண்ட” என்பார்.

பதினொரு மணி டீக்கு மொட்டை மாடிக்குப் போவோம். போனில் படத்தைப் பொம்மையாக்குகிற வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டேன். கூட வேலை செய்கிற பெண் காட்டிக்கொடுத்தாள். ஒன்றும் பெரிய விஷயமில்லை. சின்னப் பொம்மையைக் கிட்டே வைத்துப் படம் எடுத்தால் அது மட்டும் தெளிவாக விழும், முன்னாலும் பின்னாலும் மங்கிப்போகும். கண்ணுக்கு அது பழகிவிட்டது. அதனால் உயரத்திலிருந்து ரோட்டை எடுத்து, மேலேயும் கீழேயும் மங்கலாக்கி, நடுவில் ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டால் கண் ஏமாந்துவிடும். கலரையும் நன்றாக ஏற்ற வேண்டும். நாற்பதடி லாரி தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடும்.

அது எனக்குப் பிடித்துப்போனது. கரி தெரியாது, சாக்கடை தெரியாது. பொம்மை லாரிக்குள் இருக்கிற டிரைவருக்கு வியர்க்காது, மூத்திரம் முட்டாது, வீட்டிலிருந்து எப்போ வருவே என்று யாரும் போன் போட்டு உயிரை எடுக்க மாட்டார்கள். நாள் முழுக்க அலுத்துப்போன கண்ணுக்கு அது ஒரு சின்ன ஆறுதல். தினமும் ஒன்று செய்து ஸ்டேட்டஸில் வைப்பேன். சொந்தக்காரர்கள் எல்லாம் சூப்பர், சூப்பர் என்று போடுவார்கள். ஒருத்திகூட நீ எப்படி இருக்கே என்று கேட்டதில்லை, அது வேறு கதை.

அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்த சமயம். வரிசையில் நின்று ஒரு நாள் முடிந்த அன்று சாயந்திரம் அவர் போன் செய்தார். “காலைல உள்ள பூந்துருவேன். மத்தியானம் சோத்துக்கு வூட்டாண்ட இருப்பேன்” என்றார். தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன். “குடிச்சா எங்க போறது, ரோட்லயா?” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு வழக்கம்போல் மாடிக்குப் போனேன். அவர் உள்ளே போயிருப்பார் என்ற எண்ணம். ரோடு தகதகத்தது. ஒரே மாதிரி டிரெய்லர்கள், ஒரே மாதிரி பெட்டிகள். இரண்டு வண்டிகளுக்கு நடுவில், நிழலில், ஆரஞ்சு பனியன் போட்ட ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகம் நகத்தளவுகூட இல்லை, ஒரு புள்ளிதான். எடுத்தேன். தெளிவான பட்டையை நகர்த்தி அந்த ஆள் மேலேயே வைத்தேன். ஆரஞ்சை ஏற்றினேன். யாரோ குழந்தை விளையாடிவிட்டுக் கீழே போட்டுப்போன பொம்மை மாதிரியே வந்தது. கூட இருந்த பெண் எட்டிப் பார்த்து, “க்யூட்டா கீதுக்கா” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, டீ ஆறிப்போவதற்குள் கீழே இறங்கிவிட்டேன்.

பன்னிரண்டு மணி தாண்டி அவர் நம்பரிலிருந்து போன். வேறு குரல்.

“அக்கா, நான் பின்னாடி வண்டி டிரைவரு பேசறேன். உங்க வூட்டுக்காரரு மயங்கிக் கெடந்தாரு. ஆட்டோல போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். பயப்படாம வாங்க.”

பயப்படாமல் எப்படிப் போவது? எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். நர்ஸ் ஒரு பையை என் கையில் திணித்தாள். உள்ளே அவர் பெல்ட்டும், வியர்வையில் ஊறிய ஆரஞ்சு பனியனும் இருந்தன. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பனியனே கிடையாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த டிரைவர் சொன்னார்: “அண்ணன் சட்டைய அலசிக் காயப் போட்டிருந்தாரு. நாந்தான் குடுத்தேன்.” நான் போனை எடுத்துக் காலையில் எடுத்த படத்தைத் திறந்தேன்.

டாக்டர் வெளியே வந்தார். “எவ்வளவு நேரமா விழுந்து கிடந்தார்?” என்று கேட்டார்.

“தெர்ல சார்” என்றார் டிரைவர். “நான் கடைக்குப் போயிட்டு வந்து பாக்கறப்ப கெடந்தாரு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். போன் என் கையில்தான் இருந்தது. படத்தை எடுத்த நேரம் அதில் இருந்தது: பதினொன்று பத்து. எனக்குத் தெரியாது சார் என்றேன். எப்படி வாய் வந்தது என்று என்னையே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் கிட்னிக்கு இவ்வளவு ஆகியிருக்காது என்றார். குற்றம் சொல்லவில்லை, தகவல் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஸ்டேட்டஸிலிருந்து படத்தை அவர் விழுந்த அன்றைக்கே எடுத்துவிட்டேன். போனிலிருந்து அழிக்க மட்டும் கை வரவில்லை.

இப்போது அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். லாரி ஓட்டக் கூடாது. தண்ணீர்கூட அளந்துதான். வாரத்தில் அந்த இரண்டு நாள் நான் லீவு, மீதி நாள் அதே பஸ், அதே கரி, அதே ரோடு. மாடிக்கு டீ குடிக்கப் போவதில்லை. உடம்பு ஓய்ந்துபோனது ஒரு பக்கம். சொல்லாமல் வைத்திருக்கிற அந்த அரை மணி நேரம் அதைவிட அழுத்துகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் என் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாமே இது, பொம்மை வண்டியா?”

“நெஜ வண்டிதான்” என்றேன். கையில் அரிசி களைந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு விரலால் படத்தை விரித்துப் பார்த்தார். “இந்தாளப் பாரேன், நல்லா நெழலு பாத்துப் படுத்துகினு கீறான். குடுத்து வச்சவன்” என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் இதைத் தனியாகச் சுமந்து எனக்குச் சலித்துவிட்டது.

“அது நீதான்யா” என்றேன். “நான்தான் எடுத்தேன். நீன்னு தெரியாது. யாரோ தூங்கறாங்கன்னு நெனச்சேன்.”

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பிறகு கிட்டே கொண்டுவந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

“அப்போ எனக்கு நெனவு இருந்துச்சு” என்றார். “எழுந்திரிக்க முடியல, அவ்ளோதான். மாடில ஒரு பொம்பள நின்னுகினு இருந்துச்சு, என்னையே பாத்துகினு. கண்ணு மங்கி மூஞ்சி தெர்ல. எப்படியும் எறங்கி வரும்னு அந்தப் படிக்கட்டையே பாத்துகினு கெடந்தேன்.”

போனை என்னிடம் நீட்டினார்.

“நீதானா அது?”