பசு வயிற்றில் ஒரு ஒட்டு

பிள்ளைகளா, போன வாரம் பேரங்காடியில் நீங்கள் தள்ளுவண்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது நான் டின் பால் அடுக்கின் முன்னால் நின்றுவிட்டேன். "என்னப்பா, கனவா? வாங்க லா" என்று சின்னவள் கையைப் பிடித்து இழுத்தாள். கனவுதான். அத்தனை டின், ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது, கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீட்டு வரிசைகளைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, டின்னில் அடைத்த எதை விற்றாலும் கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்ததைச் சேர்த்து வைக்க முடியாதே. அன்றைக்கு வாங்கி அன்றைக்கே தின்னும் ஜனங்களாகிவிட்டோம்.

ஆனால் மனுசருக்கு வயிறு மட்டுமா இருக்கிறது? லயத்தில் எல்லா வீடும் ஒரே அளவு. சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டையிலும் எல்லாரும் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டிருப்போம். நாங்கள் இன்னார் என்று காட்ட எங்களுக்கு இருந்தது சுவரில் அடித்த ஒரு பலகைத் தட்டு. நீங்கள் காலுக்குச் சப்பாத்து மாற்றி மாற்றி வாங்கும்போது அந்தத் தட்டுதான் ஞாபகம் வரும், அதனால் நான் திட்டுவதில்லை. எங்கள் தட்டில் மாதா படம், நாலு பீங்கான் கோப்பை. பக்கத்தில் ஒரு முழு டின் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

காரணம் அக்கா. அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாதா கோயில் திருநாளில் அந்த மாப்பிள்ளையைப் பார்த்திருந்தாள். அவர் இல்லையென்றால் யாரும் வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். மரம் சீவுகிற வீடு என்று தள்ளிவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம்.

பசு படம் போட்ட டின் பால் வாங்கினோம். கடைக்காரர் ஆணியைப் பசுவின் வயிற்றிலேயே இறக்கினார். மறுநாள் அம்மா சிரட்டையில் கொஞ்சம் ரப்பர் பால் கொண்டுவந்து, ஓட்டையில் ஒரு சொட்டு வைத்து ஊதி ஊதிக் காய வைத்தாள். வெள்ளைப் பசுவில் ஒட்டு தெரியவில்லை. சாயங்கால வெயில் பலகை இடுக்கில் நுழைந்து அந்த டின்மேல் விழும். அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் பேச்சை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்போம், ஏதோ எங்களுக்கும் நாளைக்கு என்று ஒன்று இருப்பதுபோல.

கிராணி, அவர் மனைவி, மாப்பிள்ளை மூவரும் வந்தார்கள். கிராணியின் மனைவி தட்டை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. புருசன் காதில் ஏதோ சொன்னார். கிராணி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"முழு டின் எப்படி இந்த வீட்ல? யாருக்கு எடுத்து வச்சிருக்கீங்க?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பெருமைக்கு வைத்த டின், காட்டுக்குச் சாப்பாடு கடத்துகிற வீடு இது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒட்டுப் போட்டதைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் சம்பந்தம் போகும், போலீசும் வரும்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். டின்னை இறக்கி, நகத்தால் ஒட்டை உரித்து, அந்த அம்மாவின் கோப்பைமேல் சாய்த்தாள். பசு வயிற்றிலிருந்து பால் நூலாக, அவசரமில்லாமல் இறங்கியது.

"இங்க முழுசா எதுவும் இல்லீங்க அத்தை. ஒட்டுப் போட்டுத்தான் வச்சிருந்தோம்."

பிறகு கிராணி தொப்பியைப் பழைய இடத்தில் வைத்தார்.

"கறக்கிறதுதான் கறக்கிற, எனக்கும் ஊத்து தாயி."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்கள் வீட்டு பிஸ்கட் டின்னிலும் மணலைத்தான் நிரப்பி வைத்திருக்கிறார்களாம். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். டின் தீரும்வரை தேநீர் குடித்து, அன்றைக்கே தேதி பேசினார்கள்.

அவர்களை வழியனுப்ப அம்மாவும் அக்காவும் வேலிக் கதவுவரை போனார்கள். நான் மட்டும் வீட்டில் நின்றேன். காலி டின்னைத் துடைத்து, மாதாவுக்குப் பக்கத்தில், ஓட்டை வெளியே தெரியும்படி திருப்பி வைத்தேன்.